கால் ரூபாய் வட்டி

ஒத்தக்கடை
18.11.2024

தம்பி அசோக்குக்கு,

அக்கா பாண்டீஸ்வரி எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் சத்யப்ரியாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உனக்கு அந்தப் பழைய இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

தீபாவளியன்று போனில் நாம் போட்ட சண்டையைத் தெருவே கேட்டது. இனி உன்னோடு போனில் பேசுவதாக இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டை வாங்கும்போது, "லோன ஏறி எறங்குற ஃப்ளோட்டிங் வட்டியில எடுக்கா, வட்டி இம்புட்டுக் கம்மியா என்னைக்கும் இருந்ததில்ல" என்று சொன்னது நீ. இப்போது கேட்டால் "நான் அப்படியா சொன்னேன்" என்கிறாய். வாயால் பேசியதை எங்கே போய்த் தேடுவது? எதுவானாலும் இனி எழுத்தில் இருக்கட்டும். எழுதியதை நீயும் மாற்ற முடியாது, நானும் மாற்ற முடியாது.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். வாங்கும்போது வட்டி ஆறு தொண்ணூறு. இப்போது ஒன்பது நாற்பது. மாச டியூவைப் பதினேழாயிரத்து எழுநூற்றைம்பதாக ஏற்றினார்கள். அதுவும் போதாமல் 2041-இல் முடிய வேண்டிய கடன் 2047 வரைக்கும் போய்விட்டது. உன் மச்சானுக்கு அப்போது அறுபத்தாறு வயது. அந்த வயதில் அவரைக் காலேஜ் பஸ் ஓட்ட எவன் விடுவான்?

அதனால் மஸ்கட்டுக்கு டிரெய்லர் ஓட்டப் போகிறேன் என்று நிற்கிறார். மாதம் நூற்றெண்பது ரியால், நம் பணத்துக்கு நாற்பதாயிரம் போல, இரண்டு வருஷம். ஏஜெண்ட் முத்திருளன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டான். ஏப்ரல் கடைசிக்குள் சரியா இல்லையா என்று சொல்ல வேண்டும். எனக்கு அவரை அனுப்ப மனசே இல்லை. அவர் இல்லாத வீட்டுக்கு நான் எதற்கு டியூ கட்ட வேண்டும்? டியூ இறங்கினால் அவர் போக மாட்டார். அது இறங்குமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு கேள்வி. ரெப்போ என்பது வங்கிகள் ஒரு ராத்திரிக்கு மட்டும் வாங்கும் கடனுக்கான வட்டி என்று டி.வி.யில் சொன்னார்கள். எவனோ ஒரு ராத்திரிக்குக் கடன் வாங்கினால் என் இருபத்து மூன்று வருஷக் கடன் ஏன் ஆட வேண்டும்? நீ உன் வங்கியில் அந்த ஒரு ராத்திரிக் கடன் மேஜையில்தானே உட்கார்ந்திருக்கிறாய், விவரமாக எழுது.

அக்கா


மும்பை
1.12.2024

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. இருமல் விட்டுவிட்டது. மச்சான் எப்படி இருக்கிறார்? சத்யப்ரியா பத்தாம் வகுப்புக்கு ஒழுங்காகப் படிக்கிறாளா?

போன் வேண்டாம் என்றதும் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால் எனக்கும் இதுதான் வசதி. எங்கள் டீலிங் ரூமுக்குள் போகும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

செல்லூரில் நாம் குடியிருந்த தெருவை நினைத்துக்கொள். சாயங்காலம் ஒரு கடையில் கல்லா நிறைந்திருக்கும். எதிர்க்கடையில் கூலி கொடுக்கப் பத்தாயிரம் குறையும். "காலையில தாரேண்ணே" என்று கைமாத்து வாங்கிப் போவார். வங்கிகளும் தினமும் இதையேதான் செய்கின்றன. ஒரு வங்கியில் பணம் மிஞ்சும், இன்னொன்றில் குறையும். நான் நாள் முழுக்க அந்தக் கைமாத்தைத்தான் வாங்குகிறேன், கொடுக்கிறேன். ஆயிரம் கோடியாக இருக்கும், மறுநாள் திரும்பிவிடும். நம் தெருவில் வட்டி கிடையாது, இங்கே உண்டு. அவ்வளவுதான்.

இதில் ரிசர்வ் வங்கி எங்கே வருகிறது? குறைகிறவர்களைப் பார்த்து "எங்கிட்ட வாங்கிக்க, இன்ன வட்டி" என்கிறது. மிஞ்சுகிறவர்களைப் பார்த்து "எங்கிட்டப் போட்டு வை, அதவிடக் கொஞ்சம் கம்மியாத் தாரேன்" என்கிறது. அதற்கு மேலே போய் எவனும் வாங்க மாட்டான், அதற்குக் கீழே எவனும் கொடுக்க மாட்டான். ஒரு ராத்திரி வட்டி அந்த இடைவெளிக்குள்ளேதான் கிடந்து உருளும். அதற்கு நடுவில் ரிசர்வ் வங்கி வைக்கிற வட்டிதான் ரெப்போ, அதை நகர்த்தினால் மொத்தமும் கூடவே நகரும்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஆபத்தே இல்லாத ஒரு ராத்திரிக்கே ஆறரை கிடைக்கும்போது, ஒரு வருஷத்துக்கு அதைவிடக் குறைத்து யார் கடன் கொடுப்பார்கள்? பத்து வருஷத்துக்கு? இருபது வருஷத்துக்கு? அடியில் இருப்பது உயர்ந்தால் மேலே இருக்கிற எல்லாம் உயரும். உன் கடனுக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ரெப்போவோடு இரண்டு தொண்ணூறு சேர்த்து வட்டி என்று உன் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. எடுத்துப் பார்.

விலைவாசி ஏறினால் இதை ஏற்றுவார்கள். கடன் கசந்தால் ஜனங்கள் வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள், விலை அடங்கும். விலை அடங்கினால் இறக்குவார்கள். பிப்ரவரியில் இறங்கும் என்று இங்கே பேச்சு. சத்தியம் பண்ண மாட்டேன்.

தம்பி அசோக்


ஒத்தக்கடை
10.1.2025

தம்பி,

எல்லோரும் சுகம். பொங்கலுக்கு நீ வர மாட்டாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. மச்சானிடம் நீ விசாரித்ததைச் சொன்னேன். "மாப்ளைக்கு எம்மேல பாசம்தான், ஒன்னையத்தான் தாங்க முடியல" என்றார்.

உன் கைமாத்துக் கணக்கு புரிந்தது. ஆனால் ஒன்று. பரவை மார்க்கெட்டில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது நான் தக்காளி வாங்குவதையே நிறுத்தினேன். புளியைக் கரைத்து ஒப்பேற்றினேன். விலையை அடக்க என்னால் ஆனது அதுதான். அதற்கு மேல் என் டியூவையும் ஏற்றினால் நான் எதைத் தள்ளிப்போடுவது, சோறு திங்கிறதையா?

இவர் தினமும் முத்திருளனிடம் பேசுகிறார். நான் அந்தப் பக்கம் போனால் பேச்சை மாற்றுகிறார். என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. செல்லூர் நூல் கடையில் பில் போடும்போதே தப்பாகப் போட்டுவிடுகிறேன். நேற்று மேலூர் பஸ் என்று தெரியாமல் ஏறி ஒத்தக்கடையைத் தாண்டிப் போய்விட்டேன். பிப்ரவரி ஏழாம் தேதி சொல்கிறார்களாமே, சொன்னவுடன் எழுது.

அக்கா


மும்பை
8.2.2025

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி? மச்சான் நலம்தானே? அவரை அவசரப்பட வேண்டாம் என்று சொல்.

நேற்று கால் ரூபாய் குறைத்துவிட்டார்கள். ஆறரை ஆறேகால் ஆகிவிட்டது. ஐந்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை. இங்கே எல்லோரும் இதை இருபத்தைந்து பேசிஸ் பாயிண்ட் என்று பேசுகிறார்கள், எனக்கு மனசுக்குள் நம் ஊர்க் கணக்குதான் ஓடியது. கால் ரூபாய் என்று உனக்கு எழுதப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். இந்த ஊரில் "கால் ரூபா" என்று சொன்னால் புரிகிற ஒரு ஆள் கிடையாது.

இன்னும் இறங்கும் போலத் தெரிகிறது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி அடுத்தது. உங்கள் வங்கி இதைக் கணக்கில் சேர்க்க மூன்று மாதம் வரை ஆகலாம், பதறாதே.

அசோக்


ஒத்தக்கடை
22.2.2025

என் தங்கத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் முதலாளி வெள்ளைத்துரை அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "கால் ரூபாயா? ரிசர்வ் வங்கிக்காரன் கெட்டிக்காரன்மா. நான் நூல் மில்லுக்காரன்கிட்ட வட்டியில அரைக்கால் ரூபா குறைக்க ரெண்டு வருசமாக் கெஞ்சுறேன்" என்றார். இருபது லட்சம் பாக்கிக்குக் கால் ரூபாய் என்றால் ஐயாயிரம் என்று நான் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார். சரிதானே? எழுத்தில் சொல்.

நேற்று உன் மச்சானுக்குப் பிடித்த மாதிரி கருவாட்டுக் குழம்பு வைத்தேன். "என்ன விசேசம்" என்றார். "ரிசர்வ் வங்கி விசேசம்" என்றேன். ஏப்ரலிலும் ஒரு கால் ரூபாய் இறங்கிவிட்டால் போதும். அது மட்டும் நடக்கட்டும்.

அக்கா


மும்பை
9.4.2025

அக்கா,

நலமா? அவசரமாக எழுதுகிறேன், இன்று இங்கே ஒரே ஓட்டம்.

மறுபடியும் கால் ரூபாய் குறைத்தாச்சு. இப்போது ஆறு. ஆக மொத்தம் அரை ரூபாய். உன் கணக்கு சரிதான். கால் ரூபாய்க்கு ஐயாயிரம் என்றால் அரை ரூபாய்க்குப் பத்தாயிரம் மிச்சம். மச்சானிடம் சொல், சந்தோஷப்படுவார். அவர் முதுகுவலி எப்படி இருக்கிறது?

அசோக்


ஒத்தக்கடை
26.4.2025

தம்பி அசோக்குக்கு,

உனக்கு ஆயுசு நூறு. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே இவரை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். "பத்தாயிரம் மிச்சம்னு தம்பி கைப்பட எழுதியிருக்கான், இனி என்ன மஸ்கட்டு" என்றேன். அவர் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "எனக்கு மட்டும் போகணும்னு ஆசையாடி" என்றார். தம்பி, அந்த மனுசன் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் எதற்கும் பயப்படுவதாகக் காட்டியதில்லை.

மறுநாள் நானே முத்திருளனிடம் போனேன். "யோசிச்சுக்கங்கக்கா, டிரெய்லர் விசா லேசுல கெடைக்காது" என்றான். பாஸ்போர்ட்டைக் கொடுடா என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த விசா எங்கள் பக்கத்துத் தெருப் பையன் கருப்புக்குப் போயிற்று. போகட்டும், அவனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

பாஸ்போர்ட் இப்போது அரிசி டிரம்மில் கிடக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மூன்று பேரும் போகலாம் என்றிருக்கிறோம். ஜூன் டியூவிலிருந்து குறையும் என்று பேங்கில் சொன்னார்கள். நான் ஐந்து மாதமாக இப்படி நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

அக்கா


ஒத்தக்கடை
14.6.2025

அசோக்குக்கு,

போன கடிதத்துக்கே உன் பதில் வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆறாம் தேதி டி.வி.யில் அரை ரூபாய் குறைத்ததாகச் சொன்னார்கள். நான் சத்யப்ரியாவிடம், "ஆக ஒரு ரூபா குறைஞ்சிருச்சுடி" என்றேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு, "மாசத்துக்கு ஒரு ரூபான்னா வருசத்துக்குப் பன்னெண்டுல்லம்மா? நம்ம வட்டியே ஒம்பது நாப்பதுதான. அப்ப பேங்க்காரன் நமக்கு டியூ கட்டுவானா?" என்று கேட்டாள். உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன், எதிலும் மாசம் என்று இல்லை.

திங்கட்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு பேங்குக்குப் போனேன். டியூ அதே பதினேழாயிரத்து எழுநூற்றைம்பதுதான் பிடித்திருக்கிறார்கள். சபிஹா என்று ஒரு சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். "அக்கா, கால் பெர்சன்ட்னா அது வருசத்துக்கு. உங்க ஐயாயிரம் சரிதான். ஆனா அது ஒரு வருசத்துக்கு ஐயாயிரம். மாசத்துக்கு நானூத்திப் பதினேழு."

நானூற்றுப் பதினேழு ரூபாய், இரண்டு தடவைக்கும் சேர்த்தால் எண்ணூற்றுச் சொச்சம். அதை நம்பி நான் மஸ்கட் விசாவைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

நீ செல்லூரில் பிறந்தவன்தானே? நம் அப்பா தறிக்கு ரெண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியது மாசத்துக்கா வருஷத்துக்கா? இந்த ஊரில் கால் ரூபாய் என்றால், அரை ரூபாய் என்றால், பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது மாசக் கணக்கு என்று. வெள்ளைத்துரை அண்ணனுக்கு அறுபது வயது, வட்டிக்கு வாங்கியே கடை நடத்துபவர், அவரும் மாசம் என்றுதான் எடுத்துக்கொண்டார். நீ பேச்சை நம் ஊரில் எடுத்தாய், கணக்கை பம்பாயில் போட்டாய். பத்தாயிரம் மிச்சம், உன் கணக்கு சரி என்று கைப்பட எழுதினாய். உன் மூன்று கடிதமும் என் முன்னால்தான் இருக்கின்றன.

நான் என்ன செய்ய, அசோக்? அந்த மனுசன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாயிருக்கும்.

பாண்டீஸ்வரி


மும்பை
24.8.2025

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. மச்சான் எப்படி இருக்கிறார்?

இரண்டு மாதமாக ஆறு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். இது ஏழாவது. ஏப்ரலில் நீ எழுதிய கடிதத்துக்கு அப்போதே பதில் போட்டிருக்க வேண்டும். வேலை என்று தள்ளிவிட்டேன். பாஸ்போர்ட் அரிசி டிரம்மில் கிடப்பதாக நீ எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டு மடித்து வைத்தவன் நான். மச்சான் போகாமல் நின்றது மாதம் எண்ணூறு ரூபாயை நம்பி என்று எனக்குத் தோன்றவே இல்லை. எவ்வளவு இறங்கினால் போதும் என்று உன்னை ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாக நான் இந்த மேஜையில் வருஷக் கணக்கைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை. ஒரு ராத்திரிக்குக் கொடுக்கிற கடனுக்குக்கூட வட்டியை வருஷத்துக்குத்தான் சொல்வோம். உன்னோடு நம் ஊர்க்காரனாகப் பேச வேண்டும் என்ற ஆசையில் கால் ரூபாய் என்று எழுதிவிட்டேன். அந்த வார்த்தைக்குள் மாசம் என்ற வார்த்தை ஒளிந்திருப்பது எனக்கு மறந்துபோயிருக்கிறது. நீ ஐயாயிரம் என்று எழுதியபோது நான் வருஷத்துக்கு என்று படித்தேன். இரண்டு பேருமே மாசமா வருஷமா என்று எழுதவில்லை. ஆனால் எழுதியிருக்க வேண்டியவன் நான். என் வேலையே அதுதான். தப்பு என்னுடையது, எழுத்திலேயே தருகிறேன், வைத்துக்கொள்.

பணம் அனுப்பினால் திருப்பி அனுப்புவாய் என்று தெரியும். அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். பேங்கில் கேட்டால் டியூவைக் குறைக்கட்டுமா, வருஷத்தைக் குறைக்கட்டுமா என்பார்கள். டியூவை அப்படியே கட்ட முடிந்தால் வருஷத்தைக் குறைக்கச் சொல். இதுவரை இறங்கியது ஒரு சதவீதம், வருஷத்துக்கு. அதற்கே நாலு வருஷத்துக்கு மேல் குறையும். சபிஹாவிடம் கேட்டுச் சரிபார். என்னை நம்பாதே.

மச்சானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்வாயா?

அசோக்


ஒத்தக்கடை
15.9.2025

தம்பி,

கடிதம் வந்தது. எல்லோரும் உடம்பு சுகம்.

சத்யப்ரியா பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எடுத்திருக்கிறாள். ஒத்தக்கடையில் மழை இல்லை, ஆனைமலைப் பாறை அனலாகக் கொதிக்கிறது. மச்சானுக்கு என்ன, வண்டி ஓட்டுகிறார். நீ சொன்னதைச் சொன்னேன், சிரித்தார்.

நீ ஒழுங்காகச் சாப்பிடு. நடந்ததை நினைத்துக்கொண்டே இருக்காதே.

அக்கா


மஸ்கட்
28.10.2025

மாப்ள அசோக்குமாருக்கு,

அழகுபாண்டி. நான் இங்கே நல்ல சுகம், முதுகுவலிகூடக் குறைந்துவிட்டது. என் அறையில் இருக்கும் சோணைமுத்து லீவில் மும்பை வழியாக ஊருக்குப் போகிறான். இதை அங்கே தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் நீங்கள் அந்த நிமிஷமே உங்கள் அக்காவைக் கூப்பிட்டுவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மஸ்கட் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஜூலை பத்தொன்பதாம் தேதி கிளம்பினேன். டிரெய்லர் போய்விட்டது, தண்ணீர் லாரிதான் கிடைத்தது. நூற்று முப்பது ரியால். பரவாயில்லை. பாதை எல்லாம் நேராக இருக்கிறது, நம் மேலூர் ரோடு மாதிரி குறுக்கே ஆடு வராது.

உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று உங்கள் அக்கா என்னிடம் சத்தியம் வாங்கினாள். ஏர்போர்ட்டில் வைத்துக் கேட்டேன், "ஒந்தம்பி மேல அம்புட்டுக் கோவமா இருந்தியே, நான் போறத எழுதி அவனக் கிழிக்க வேண்டியதுதான" என்று. அதற்கு அவள், "சின்ன வயசுல கண்ணாடி கிளாஸ ஒடச்சுட்டு ரெண்டு நாள் சோறு திங்காமக் கெடந்தவன் அவன். நீங்க போனது தெரிஞ்சா தாங்க மாட்டான்" என்றாள். உங்கள் மன்னிப்பு எனக்கு வந்து சேர்ந்தது. எனக்கு உங்கள் மேல் ஒன்றுமில்லை மாப்ள. மூன்று மாதம் கூடுதலாக வீட்டில் இருந்தேன், அழகர் இறங்குவதைப் பிள்ளையோடு பார்த்தேன். அதுவும் உங்கள் கால் ரூபாயால்தான்.

அவள் தனியாக இருக்கிறாள். அதைச் சொல்லத்தான் எழுதினேன். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல் அவளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழகுபாண்டி


மும்பை
6.12.2025

அன்புள்ள அக்கா,

உனக்கும் சத்யப்ரியாவுக்கும் சுகம்தானே? ராத்திரியில் வாசல் கதவு, கொல்லைக் கதவு இரண்டையும் நன்றாகப் பூட்டிக்கொள். கடையில் இருந்து திரும்பும்போது கூட்டமான பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வராதே.

நேற்று ரெப்போவை ஐந்தேகாலாகக் குறைத்திருக்கிறார்கள். தெளிவாக எழுதுகிறேன். நூற்றுக்கு, வருஷத்துக்கு, இருபத்தைந்து காசு. மாசத்துக்கு என்றால் இரண்டு காசு. இருபது லட்சத்துக்கு வருஷத்துக்கு ஐயாயிரம், மாசத்துக்கு நானூற்றுப் பதினேழு. பிப்ரவரியில் இருந்து மொத்தம் ஒன்றேகால் சதவீதம், வருஷத்துக்கு.

டியூவைக் குறைக்காமல் இதே பதினேழாயிரத்து எழுநூற்றைம்பதைக் கட்டினால் 2047 கடைசியில் முடிகிற கடன் 2043 தொடக்கத்திலேயே முடிந்துவிடும். ஏறக்குறைய ஐந்து வருஷம். மச்சானுக்கு அப்போது அறுபத்தொரு வயது. இது இன்றைய வட்டிக்குப் போட்ட கணக்கு. விலைவாசி ஏறினால் வட்டி மறுபடி ஏறும், இந்தக் கணக்கும் மாறும். அதையும் எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலுக்கு வாரேன். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

அசோக்


ஒத்தக்கடை
21.12.2025

தம்பி அசோக்குக்கு,

நானும் பிள்ளையும் சுகம். கதவைப் பூட்டிக்கொண்டுதான் படுக்கிறோம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் மச்சானின் வயதைக் கணக்குப் போட்டிருக்கிறாய். மச்சான் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்கவில்லை. இந்த ஒரு வருஷத்தில் நீ எழுதிய ஒரு கடிதத்திலும் அதைக் கேட்காமல் விட்டதில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, உனக்குத் தெரியும் என்று. நேற்று இவர் போன் செய்தபோது, "அவனுக்கு எழுதுனீங்களா" என்றேன். "டிராபிக்கா இருக்கு, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். பாலைவனத்தில் என்ன டிராபிக்கோ.

நான் உனக்கு ஒரு பொய்யும் எழுதவில்லை, எடுத்துப் பார். வண்டி ஓட்டுகிறார் என்றுதான் எழுதினேன். எங்கே என்று எழுதவில்லை. எழுத்தில் இருக்கட்டும் என்று சட்டம் போட்டவள் நான்தான். ஆனால் உன் மேல் பழியாக விழப்போகிற வரியை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டால் அப்புறம் அதை மாற்ற முடியாதே.

பேங்குக்குப் போனேன். டியூ அப்படியே இருக்கட்டும், வருஷத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். சபிஹா சீல் போட்டு நகல் கொடுத்தாள். 2043 ஜனவரி என்று போட்டிருக்கிறது. பாஸ்போர்ட் கிடந்த அரிசி டிரம்மில் இப்போது அதை வைத்திருக்கிறேன். இவர் அங்கே இருக்கப் போவது இரண்டு வருஷம், எனக்குத் திரும்பக் கிடைப்பது ஐந்து வருஷம். இந்தக் கணக்கை நானே போட்டேன், வெள்ளைத்துரை அண்ணனிடம் கேட்கவில்லை. கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் சாயங்காலம் காலேஜ் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தால் அடுப்பை விட்டு எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். இப்போது அதை வேறு ஆள் ஓட்டுகிறான். எனக்கு அவர் இல்லாமல் முடியவில்லை, அசோக்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டபிறகு எனக்குப் போன் செய். உன் குரலைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எது வேண்டுமானாலும் பேசு, சண்டை வேண்டுமானாலும் போடு. வட்டியை மட்டும் எழுது. எழுதும்போது மாசமா வருஷமா என்று சேர்த்து எழுது.

அக்கா